பரிசோதனை எண்டால் எழுதியும் வையுங்கோ

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். லினக்ஸ் கேர்னல் பற்றிக் கதைக்க எங்களுக்கு என்ன தகுதி எண்டு நீங்கள் கேட்கலாம். எங்களிட்ட இருக்கிறது 4 ஜிபி ரேமோட ஒரு பழைய லப்டொப். அதை நாலு பேர் மாறி மாறிப் பாவிக்கிறம். போன செமஸ்டரில் "இந்தப் புது ஷெடியூலரைப் போட்டால் பறக்கும்" எண்டு ஒரு நண்பன் சொன்னான். போட்டம். இரண்டு நாள் உண்மையாகவே பறந்தது. மூன்றாம் நாள், ஆய்வுக்கட்டுரையின் நடுவில் திரை அப்படியே நிண்டுபோச்சு. சேமிக்காத 11 பக்கம் போய்விட்டது.

சேமிக்காதது எங்கட பிழைதான். ஆனால் பிறகு அதோட வந்த குறிப்பை வாசித்தபோதுதான் கோபம் வந்தது. எப்படி நிறுவுவது எண்டு மட்டும் நாலு வரி இருந்தது. எங்கே உடையும், பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது எண்டு ஒரு வரிகூட இல்லை.

ஷெடியூலர் எண்டது ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் முறை வைக்கிற ஆள். பாட்டு, பிரவுசர், நாங்கள் எழுதுகிற கோப்பு எல்லாம் ப்ரொசசருக்குக் காத்து நிற்கும். யாருக்கு முதலில், எவ்வளவு நேரம் எண்டு தீர்மானிக்கிறது அதுதான். ஒரு செயலியில் பிழை இருந்தால் அந்தச் செயலி மட்டும் விழும். ஷெடியூலரில் பிழை இருந்தால் முழு இயந்திரமும் நிற்கலாம்.

அதுக்காகப் பரிசோதனையே வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. கொன் கொலிவாஸ் எண்டவர் அவுஸ்திரேலியாவில் மயக்க மருந்து வைத்தியர். ஓய்வு நேரத்தில் ஷெடியூலர் எழுதினவர். எல்லாச் செயலிக்கும் நியாயமாக நேரம் பகிரலாம் எண்டு அவர் காட்டினதை, 2007 இல் லினக்ஸுக்குள் போன சிஎஃப்எஸ் ஷெடியூலரை எழுதிய இங்கோ மோல்னாரே ஏற்றுக்கொண்டார். கொலிவாஸ் 2009 இல் பிஎஃப்எஸ் எண்ட இன்னொன்றை வெளியிட்டார். அது வீட்டுக் கணினிகளுக்கானது, ஆயிரக்கணக்கான ப்ரொசசர் உள்ள இயந்திரங்களுக்குச் சரிவராது எண்டு அவரே எழுதி வைத்தார். எங்களுக்குப் பிடித்தது அந்த நேர்மைதான். தன் எல்லையைச் சொல்லுகிற பரிசோதனையை நம்பிப் போட்டுப் பார்க்கலாம்.

"ஸ்திரமானது" எண்ட முத்திரை மட்டும் போதுமா எண்டால் அதுவும் இல்லை. சிஎஃப்எஸ் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த காலத்தில், 2016 இல் வெளிவந்த ஒரு ஆய்வு அதில் பல பிழைகளைக் காட்டியது. சில ப்ரொசசர் கோர்கள் சும்மா இருக்க, வேறு கோர்களின் வரிசையில் வேலைகள் காத்துக் கிடந்தன. இயந்திரம் உறையாததால் வருடக்கணக்கில் அது கண்ணில் படவில்லை.

2024 இல் வந்த லினக்ஸ் 6.12 இல் ஸ்கெட்-எக்ஸ்ட் எண்ட வசதி சேர்ந்தது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே புது ஷெடியூலரை ஏற்றிப் பார்க்கலாம். அது ஒரு வேலையை அளவுக்கு மீறிக் காக்க வைத்தால், கேர்னலே அதை வெளியே தள்ளிவிட்டு வழமையான ஷெடியூலருக்குத் திரும்பும். இதன் நிரல் இடைமுகம் மாறாது எண்டதுக்கு உத்தரவாதம் இல்லை எண்டு அதன் ஆவணமே சொல்லுது. அதோட வருகிற மாதிரி ஷெடியூலர்கள் பலவற்றின் குறிப்பில், இது எதுக்கு உதவும், உண்மையான வேலைக்குப் பாவிக்கலாமா எண்ட இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் இருக்கு. நாங்கள் போட்டது கேர்னலோடயே ஒட்டின வகை. அதில் இப்படி ஒரு காவலும் இல்லை, குறிப்பும் இல்லை.

"சம்பளம் இல்லாமல் எழுதுகிறவனிட்ட ஆவணமும் கேட்கிறதா?" எண்டு சிலர் சொல்லுவினம். நியாயமான கேள்வி. நாங்கள் புத்தகம் கேட்கவில்லை, மூன்று வரிதான் கேட்கிறம்: இது யாருக்கு, எது உடையும், திரும்புகிற வழி எது. நிரலை வாசித்தால் விளங்கும் எண்டு சொல்வது, நிரல் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கதவைத் திறக்கிறது. புது லப்டொப் வாங்க ஏலாமல் இருக்கிற மாணவர்தான் பழைய இயந்திரம் வேகமாக வேணும் எண்டு இதுகளைத் தேடி வருகிறார். உடைந்தால் அதிகம் இழக்கிறதும் அவர்தான்.

எழுதுகிறது எங்களுக்குத் தெரிந்த வேலை. ஆகவே எங்கட லப்டொப்பில் எது எப்போது நிண்டது, எப்படித் திரும்பினோம் எண்டு தமிழில் ஒரு குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கிறம். நீங்களும் போட்டுப் பாருங்கோ, நடந்ததை எழுதுங்கோ. ஆனால் பழைய கேர்னலை மட்டும் அழிச்சுப் போடாதேங்கோ.