பிழைத்தாள், பிழைப்பு?

புவனகிரித் தறிக்காரர் வீட்டிலே, வெள்ளாற்றங்கரை வயலிலே நாற்று நடும் தாய்மாரிடையே, மார்பில் ஒரு கட்டி தோன்றினால் முதலில் நடப்பது என்ன? மறைப்பது! கணவனிடம் சொல்ல வெட்கம். மாமியாரிடம் சொல்ல அச்சம். வலிக்கவில்லையே என்று ஓர் ஆறுதல் வேறு. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை, தோழர்களே! அதுதான் அதன் வஞ்சகம்.

2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று கண்டது. 98,000 பேர் மாண்டனர் என்கிறது உலகப் புற்றுநோய்க் கணக்கு. அமெரிக்காவிலோ கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் வெள்ளையரைவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது. சாவு மட்டும் ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம்! நோயின் வகை ஓரளவே காரணம். காலந்தாழ்ந்த சிகிச்சை, காசில்லாமை, நிறவெறி இவையே மீதிக் கதை. அங்கே நிறம், இங்கே சாதியும் கூலியும்.

ஆட்ரி லார்ட் என்ற கறுப்பினக் கவிஞர் 1978இல் ஒரு மார்பை இழந்தார். பொய் மார்பு வைத்து மறைக்க மறுத்தார். 1980இல் அந்த அனுபவத்தை நூலாகவே வெளியிட்டார். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்கும் தெரியாமல் மூடுகிறோம்.

தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை கண்டார். மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அங்கேயே உழைத்தார்.

மருத்துவச் செலவுக்கு 2009 முதல் தமிழகத்தில் அரசுக் காப்பீடு உண்டு. சரி. ஆனால் கூலி? கதிர் சிகிச்சை என்றால் வாரம் 5 நாள், பல வாரம். புதுவை ஜிப்மருக்கோ சென்னைக்கோ போகிறவள் களைக்கொத்தைப் பிடிப்பது எப்போது? துணைக்குப் போகும் கணவனுக்கும் அன்றைய கூலி போச்சு. நோய் தீர்ந்த பிறகும் தொல்லை தீர்வதில்லை. அக்குளில் நெறிகளை எடுத்துவிட்டால் சிலருக்குக் கை வீங்கும். சேற்றில் சிறு கீறல் பட்டாலும் சீழ் பிடிக்கும். அந்தக் கையால் எப்படி நடுவது, எப்படித் தறி நெய்வது? உயிர் பிழைத்தாள்; பிழைப்புப் போயிற்று!

கர்ப்பிணியின் கூலி இழப்பை ஈடுகட்ட அரசு தரும் உதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமி ரெட்டியின் பெயர்தான். அதே அம்மையார் கட்டிய மருத்துவமனைக்கு நோயோடு போகும் கூலிக்காரிக்கு ஏன் அந்த ஈடு இல்லை? சிகிச்சைக் காலம் முழுவதும் அவளுக்குக் கூலி ஈட்டுத்தொகை வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்திலே முதல் தீர்மானமாக இதை வையுங்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கேளுங்கள்; கட்டி இருக்கிறதென்றால் மறுநாளே அண்ணாமலை நகர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.