கத்தோலிக்க விடுதிப்பள்ளிகளும் சைவர் கடனும்

சைவ நன்மக்கள் கூடிய அவையொன்றில், "சைவர் எவரும் தம் மக்களைக் கத்தோலிக்கர் நடாத்தும் விடுதிப்பள்ளிகளில் விடுதல் ஆகாது" என அண்மையில் ஒரு தீர்மானம் கொணரப்பட்டது. பண்ருட்டியைச் சூழ்ந்த ஊர்களினின்றும் நெய்வேலி நகரியத்தினின்றும் வந்திருந்த அன்பர் பலர் அதற்குக் கை தூக்கினர். யாம் தூக்கவில்லை. "மடத்திற் பயின்ற நீரோ பாதிரிமார் பக்கம் நிற்பது?" என ஓரன்பர் வெகுண்டு வினவினார். அவையில் விடையிறுக்கக் காலம் போதாமையின் ஈண்டு எழுதப் புகுந்தாம்.

அப்பள்ளிகளிற் பெற்றோர் தம் மக்களை விடுதற்கு ஆங்கிலமோகமே காரணம் என்றார் தீர்மானங் கொணர்ந்தவர். அற்றன்று. என்னை? ஆங்கிலங் கற்பிக்கும் பள்ளிகள் இன்று தெருவுக்கு ஒன்று உள. பெற்றோர் நாடுவது ஆண்டு நடக்கும் வாழ்க்கை ஒழுங்கை. மணியோசைக்கு எழுதல், வழிபாடு, ஓதற்கென ஒரு பொழுது, வாய்வாளாமைக்கென ஒரு பொழுது, உண்ணுமுன் இறைவனை நினைதல் என நாள் முழுதும் வகுக்கப்பட்டுள்ளது. இவ்வகுப்பு, கி.பி. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்டு முனிவர் தம் துறவியர்க்கு இயற்றிய ஒழுங்கின் வழிவந்தது. இஞ்ஞாசியார் 1540 இல் நிறுவிய இயேசு சபையினர், அன்றன்று செய்த பிழையைத் தாமே எண்ணிப்பார்க்கும் ஆத்தும சோதனையை அதனொடு கூட்டினர். 1906 இல் தஞ்சைக்கு வந்த சலேசியரோ, தம் முதல்வராகிய தொன் போஸ்கோ (1815–1888) வகுத்தவாறு, அடித்துத் திருத்தாமல், பிழை நிகழாவண்ணம் பிள்ளைகளோடு உடனிருந்து காக்கும் முறையைக் கைக்கொண்டனர். அவர் பள்ளிகளில் இரவு துயிலுமுன் பிள்ளைகளைக் கூட்டி ஆசிரியர் சில நன்மொழி கூறி அனுப்பும் வழக்கம் உண்டு. ஆசிரியர் பிள்ளைகளோடு உண்டு, பிள்ளைகளோடு உறங்கி எழுவர். இதுவே அவர்தம் வலிமை.

இவ்வாழ்க்கை சைவர்க்குப் புதிதோ? சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலங் கழுவப்பெற்ற ஞானியும் தனித்திராது அடியாரோடு கூடி வாழ்க என விதிக்கின்றது. முத்தர்க்கே கூட்டம் வேண்டுமெனின், பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு வேண்டாமோ? இந்நூல் தந்த மெய்கண்டதேவர் திருவெண்ணெய்நல்லூரினர். அவர் திருவடி சார்ந்த அருணந்தி சிவாசாரியர் திருத்துறையூரினர். இரண்டும் நம் பண்ருட்டிக்கு அண்மைய ஊர்களே. பாதிரிமார் இதனை நன்குணர்ந்தனர் போலும். 1606 இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியின் வழியில், பூசை, குரு, சந்நியாசி, மடம் என்னும் நம் சொற்களையே எடுத்தாண்டனர். விபூதித் திருநாள் என ஒரு நாளும் அவர்க்கு உண்டு. சொற்களை அவர் கொண்டதற்கு யாம் வருந்தவில்லை. சொல்லை வைத்துக்கொண்டு பொருளை நாம் நழுவவிட்டமைக்கே வருந்துகின்றாம்.

யாம் மடத்திற் பயின்ற நாளில், விடியுமுன் நீராடி நீறணிந்து முந்தினநாட் பாடம் ஒப்பித்த பின்னரே உணவு. ஆயினும் உண்மை மறைத்தல் தகாது: அப்பந்தியில் எல்லாக் குலத்துச் சிறுவர்க்கும் இலை விழுந்ததில்லை. இலை விழாத வீட்டார் தம் மக்களை வேறிடம் விட்டனராயின், அவர்மேற் குறை கூற நமக்கு வாய் ஏது?

இனி, "ஒழுக்கம் எங்கிருந்து வந்தால் என்? எல்லாம் ஒன்றே" என்னும் மற்றொருசாராரையும் மறுத்தல் வேண்டும். ஒழுங்கு என்பது வெறுங்கலம் அன்று. எவ்விறைவனை எம்முறையில் நினைந்து எழுந்தான், எதனை ஓதி உறங்கினான் என்பதே சிறுவன் உள்ளத்திற் பதியும். 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 28 ஆம் பிரிவு, அரசின் ஏற்போ பொருளுதவியோ பெற்ற பள்ளியிற் பயிலும் எவரையும் அவரது இசைவின்றியும், சிறுவராயின் காப்பாளரது இசைவின்றியும், சமய போதனையினும் வழிபாட்டினும் புகுத்தலாகாது என்கின்றது. நம்மவருள் எத்துணைப் பெற்றோர் இதனை அறிவர்? சேர்க்கைத் தாளில் நீட்டிய இடமெல்லாம் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர்ப் பாதிரியாரைப் பழித்தல் என்ன முறை?

பிறர் விடுதியில் இருந்தும் தம் சமயம் நழுவாதார் உளர். நாகப்பட்டினத்தில் 1844 இல் தோன்றி 1883 இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்த புனித வளனார் கல்லூரியில் 1950 முதல் 1954 வரை பயின்ற அப்துல் கலாம், திருவரங்கத்து ஐயங்கார் ஒருவரோடும் மலையாள நாட்டுக் கிறித்தவர் ஒருவரோடும் விடுதியில் ஓரறையில் வாழ்ந்தார். ஆண்டுச் சைவ உணவுக்கூடத்துச் செயலாளராகவும் இருந்தார். (சைவம் என்னும் சொல் உணவளவில் நின்றுவிட்ட கதை வேறு.) இறுதிவரை அவர் இசுலாமியராகவே வாழ்ந்தார். இராமேசுவரத்தில் தந்தையார் அவரைக் கைப்பிடித்துத் தொழுகைக்கு அழைத்துச்சென்ற பயிற்சி முன்னரே வேரூன்றியிருந்தது. நம் வீட்டில் அவ்வேர் உண்டோ? பிள்ளை விடுமுறைக்கு வருங்கால் மாலையில் திருவதிகைக்கு அழைத்துச்செல்வார் எத்துணையர்?

திருவதிகை என்றதும் திலகவதியார் நினைவு வருகின்றது. தம்பியார் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனராய் விளங்கியபோது, அம்மையார் சமணரை வைது திரிந்தாரல்லர். கெடிலக்கரையில் வீரட்டானத்தை அடைந்து, வைகறையில் திருவலகிட்டுச் சாணத்தால் மெழுகி, மலர் கொய்து மாலை தொடுத்து, தம்பியை மீட்டருளுமாறு இறைவனிடம் முறையிட்டார். சூலைநோய் கொண்ட தம்பியார் ஆள் விடுத்து அழைத்தபோதும் அப்பள்ளிக்குச் செல்ல அவர் இசைந்திலர். இரவில் வந்தடைந்த தம்பிக்கு ஐந்தெழுத்தோதி நீறளித்தார். திரும்பி வருவதற்கு ஓரிடம் இருந்தது. ஆதலின் அவர் வந்தார். இன்று நம் பிள்ளை திரும்ப விழைந்தால் எவ்வாயிலைத் தட்டுவான்?

ஆறுமுக நாவலரும் பாதிரிமார் பள்ளியிலேயே பயின்றவர், அஃது மெதடிஸ்தருடையது. பார்சிவல் பாதிரியாரிடம் பணியாற்றிய அவர், 1848 இல் அப்பணியை விடுத்து வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையையும், 1864 இல் சிதம்பரத்தில் அப்பெயராலேயே மற்றொன்றையும் நிறுவினார். கண்டன நூல்களும் எழுதினார், மெய். ஆயின் பள்ளி கட்டிய கையால் எழுதினார். அண்மைக்காலத்தும் சித்பவானந்த அடிகள் 1942 இல் திருப்பராய்த்துறையில் தபோவனம் நிறுவி, சிறுவர்க்கு உறைபள்ளியும் பெரியோர்க்கு அந்தர்யோகமும் நடாத்திக் காட்டினார். அவர் சித்தாந்த நெறியினர் அல்லர் என்பார், அது நமக்குப் பெருமையோ என எண்ணிப்பார்க்க.

ஆகலின் அவையில் யாம் வேறொரு தீர்மானம் கூறினேம். திருவதிகைத் திருக்கோயிலருகே ஒரு வீடு, எக்குலத்தவராயினும் பத்துச் சிறுவர், பகலில் அரசுப் பள்ளி, காலையும் மாலையும் வழிபாடும் திருமுறையும், ஒரே பந்தி. வாடகை தர இருவர் அங்கேயே இசைந்தனர். அரிசி தர ஒருவர் இசைந்தார். "சிறுவரோடு இரவில் உடன் தங்குவார் யார்?" என வினவினேம். கை தூக்கிய அன்பருள் ஒருவரும் விடை கூறவில்லை. அவ்விடத்திற்கு இன்னும் ஆளை எதிர்நோக்கியிருக்கின்றாம்.

திருச்சிற்றம்பலம்.