தரையில் விரித்த ஓவியம்

ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் பாலைவன ஓவியங்களைப் பற்றி எழுதுபவர்கள் எளிதில் கைக்கொள்ளும் சொல் 'அரூபம்'. புள்ளிகள், ஒருமைய வட்டங்கள், வளைகோடுகள். இவற்றுக்குப் பக்கத்தில் ஐரோப்பிய நவீன ஓவியர் ஒருவரின் பெயரை வைத்துவிட்டால் ரசனை நிறைவுற்றுவிடுகிறது. இச்சொல்லின் மீது எனக்குக் கடுமையான ஆட்சேபம் உண்டு. உலகில் இவற்றைக் காட்டிலும் திட்டவட்டமான ஓவியங்கள் குறைவு.

1997 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவில், கிரேட் சாண்டி பாலைவனத்தின் வட விளிம்பிலுள்ள பிர்னினி என்னுமிடத்தில், பத்து மீட்டருக்கு எட்டு மீட்டர் அளவுள்ள கித்தான் ஒன்று தரையில் விரிக்கப்பட்டது. வல்மஜாரி, வங்கஜுங்கா முதலிய மொழிகளைப் பேசும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் அதன்மீது அமர்ந்து வரைந்தார்கள். ஓவியத்தின் பெயர் 'ஙுர்ரரா'. தாயகம் என்று சொல்லலாம். (ஆங்கிலேயர் நாக்கு இடறும் இந்த முதலெழுத்து நம் அரிச்சுவடியில் வேலையின்றிக் காத்திருக்கிறது.)

அவர்கள் வரைந்தது அழகுக்காக மட்டுமல்ல. 1992இல் மாபோ தீர்ப்பு, வெள்ளையர் வருமுன் இக்கண்டம் யாருக்கும் உரிமையற்ற வெற்றுநிலம் என்ற கோட்பாட்டைத் தகர்த்தது. 1993இல் தொல்குடி நிலவுரிமைச் சட்டம் வந்தது. ஆனால் நிலத்துடன் தமக்குள்ள அறுபடாத உறவை நிரூபிக்கும் பாரம் உரிமை கோருபவர் மீதே வைக்கப்பட்டது. பிடுங்கியவன் முன்னால், அவன் மொழியில், இது என்னுடையது என்று மெய்ப்பிக்க வேண்டும். முதியவர்கள் பலருக்கு அந்த ஆங்கிலம் போதவில்லை. எனவே வரைந்தார்கள்.

ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதியை மட்டுமே தீட்டினர். அவரவர் 'ஜிலா', அதாவது வற்றாத ஊற்று, அதனதன் இடத்தில் அமைந்தது. தீர்ப்பாயத்தினர் முன்னிலையில் ஒருவர் பின் ஒருவராகக் கித்தானின் மீது நடந்து சென்று, தத்தம் ஊற்றின்மேல் நின்று தம் மொழியில் பேசினார்கள். ஓவியத்தின் மீது கால் வைப்பதா என்று நம் கலாரசிக மனம் பதறலாம். நிலத்தின் மீது நிற்காமல் வேறெங்கே நிற்பது?

அந்த ஓவியமே வழக்கை வென்றது என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதத் தேவையில்லை; பேச்சுவார்த்தைகளுக்கு மேலும் பத்தாண்டுகள் பிடித்தன. 2007 நவம்பரில்தான் 75,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பின் மீது அவர்களது உரிமையைக் கூட்டாட்சி நீதிமன்றம் அங்கீகரித்தது. காத்திருந்தோரில் சிலர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர்.

அதே 2007இல் கிளிஃபர்ட் பாசம் சபல்ஜாரியின் 'வர்லுகுலாங்' 24 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் போனது. 1977இல் ஒரு வங்கி 1,200 டாலருக்கு வாங்கியது அது. தந்தை மூட்டிய பெருந்தீயில் மகன்கள் இருவர் மாண்ட தொல்கதையும், அது நடந்த இடமும் அதிலுள்ளன. ஓவியர் 2002இலேயே மறைந்துவிட்டார். மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ 5 சதவீதம் தரவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2010இல். நாளிதழ்கள் விலையைக் கொண்டாடின. அந்தக் கித்தானிலுள்ள நிலம் யாருடையது என்பது ஏலக்கூடத்துக்குத் தேவைப்படாத கேள்வி.

அரூபம் என்ற சொல் இங்கேதான் ஆபத்தாகிறது. நிலத்தைக் கழித்துவிட்டு ஓவியத்தை மட்டும் வைத்துக்கொள்ள அது அனுமதி தருகிறது. 2020 மே மாதம் பில்பரா பகுதியில் ஜுக்கான் பள்ளத்தாக்கின் பாறைக்குகைகளை இரும்புத்தாதுக்காக ரியோ டின்டோ நிறுவனம் வெடிவைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டுகளாக மனிதர் புழங்கிய இடம். அங்கே கிடைத்த, 4,000 ஆண்டுப் பழமையான பின்னிய கூந்தல் இழையின் மரபணு, இன்று வாழும் அந்நிலத்தின் மக்களோடு தொடர்புடையதென ஏற்கெனவே தெரியவந்திருந்தது. ஆயினும் சட்டப்படி அனுமதி பெற்றே தகர்த்தார்கள். சட்டகமிட்டு மாட்ட முடிந்தது காட்சிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது. மாட்ட முடியாதது தூளாகிறது.

இவ்வோவியங்களின் பொருளை நாம் முழுதாக அறிந்துகொள்ள வேண்டும் என்றும் நான் வாதிடவில்லை. 1970களில் பப்புன்யாவின் தொடக்ககாலப் பலகைகளில் சடங்குப் பொருட்கள் வெளிப்படையாகத் தெரிந்ததற்கு அண்டைச் சமூகங்களிலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. அதன்பின் ஓவியர்கள் பலவற்றைத் தவிர்த்தார்கள். புள்ளிகள் சிலவற்றைத் திரையிட்டன என்பாரும் உண்டு. சொல்லும் உரிமை பெற்றவர், கேட்கும் உரிமை பெற்றவரிடம் மட்டுமே சொல்லக்கூடிய செய்திகள் அவை. நாம் இரண்டாவது வகையில் இல்லை. ஆனால் அந்த வட்டம் ஓர் ஊற்று என்பதையும், அதற்கு ஒரு பெயரும் அதைக் காக்கும் குடும்பமும் உண்டு என்பதையும் அவர்களே நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஓவியத்தின் கீழே ஒட்டும் சீட்டில் அளவுக்கும் ஆண்டுக்கும் முன்னால் அந்த ஊற்றின் பெயரை எழுதலாம்.