மணவிலக்குத் தாள் எங்கே?



கலியாணப் பத்திரிகையை மஞ்சள் தடவிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறோம். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைக்கிறோம். ஆனால் மணவிலக்கு ஆன தாளை எங்கே வைத்தோம் என்று கேட்டால் பலருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. அதைக் கண்டாலே மனம் நோகிறது என்று கிழித்துப் போட்டவர்கள் உண்டு. "எல்லாம் வக்கீலிடம் இருக்கும்" என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. பத்து வருஷம் கழித்து, மறுமணத்தைப் பதியப் போகும்போது, கௌண்டரில் இருப்பவர் "அந்தத் தாள் எங்கே?" என்று கேட்பார். அப்போதுதான் கையும் ஓடாது, காலும் ஓடாது.

தொலைந்த தாளைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறது. அதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம். அதற்கு முன், எந்தத் தாளைத் தேடுகிறோம் என்பது நமக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

எது மணவிலக்கு, எது இல்லை?

மலேசியாவில் இஸ்லாமியர் அல்லாதாரின் திருமணத்தையும் மணவிலக்கையும் 1976ஆம் ஆண்டின் சட்டம் ஆள்கிறது. அது நடப்புக்கு வந்த நாள் 1982 மார்ச் 1. அன்று முதல் கணவனும் மனைவியும் உயிரோடு இருக்கையில் அவர்களின் திருமணத்தை முறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அதுவும் மக்காமா திங்கி என்னும் உயர்நீதிமன்றத்துக்கு. கீழ்க் கோர்ட்டுகளுக்கு அந்த அதிகாரம் இல்லை.

ஆகவே, கோயில் தலைவர் முன்னிலையில் பேசித் தீர்த்துக் கையெழுத்துப் போட்ட தாள் மணவிலக்கு ஆகாது. சத்தியப்பிரமாண ஆணையரிடம் முத்திரை வாங்கிய தாளும் ஆகாது. "இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை" என்று எழுதி இரண்டு சாட்சி வைத்தாலும் ஆகாது. அப்படிப்பட்ட தாளை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டில் தேடினாலும் பதிவு கிடைக்காது. வழக்கே நடக்கவில்லை என்றால் பதிவு எங்கிருந்து வரும்? அந்த நிலையில் இருப்பவர்கள் சட்டத்தின் கண்ணில் இன்னும் கணவன் மனைவிதான். இன்னொரு திருமணம் செய்தால் அது செல்லாது. தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

பாதித் தாளும் முழுத் தாளும்

கோர்ட்டுக்குப் போனவர்களிலும் ஒரு சாரார் பாதி வழியில் நிற்கிறார்கள். நீதிபதி மணவிலக்குக் கொடுத்த அன்றே எல்லாம் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அன்று கிடைப்பது டெக்ரி நிசி. அது முதல் கட்டத் தீர்ப்பு. நீதிமன்றம் காலத்தைக் குறைத்தால் ஒழிய, 3 மாதம் கழிந்த பிறகுதான் அது முடிவான தீர்ப்பாக முடியும். அப்படி முடிவானதற்குக் கோர்ட்டு ஒரு சான்றிதழ் கொடுக்கிறது. மலாயில் அதை டெக்ரி முத்லாக் என்பார்கள். கையில் இருக்க வேண்டிய தாள் இதுதான்.

ஒரு சகோதரி 2009இல் டெக்ரி நிசி வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். வக்கீல் கட்டணத்தில் பாக்கி நின்றது. மறுபடி அந்த அலுவலகப் படியை மிதிக்க அவருக்குக் கூச்சம். முடிவான தீர்ப்புக்கு யாரும் விண்ணப்பம் போடவில்லை. இத்தனை வருஷமும் தம்மை விடுதலையானவர் என்று நம்பி வாழ்ந்திருக்கிறார். ஆனால் கோப்பைத் திறந்தால் மணவிலக்கு இன்னும் முடியவில்லை. அவர் மறுமணத்துக்கு நாள் குறித்திருந்தால் என்ன ஆகும்? ஆகவே, "எனக்கு மணவிலக்கு ஆகிவிட்டது" என்று சொல்லும் ஒவ்வொருவரும் பெட்டியைத் திறந்து, இருப்பது பாதித் தாளா முழுத் தாளா என்று இன்றே பார்த்துவிடுங்கள். பாதித் தாள் என்றால் பயப்பட வேண்டாம். வக்கீலிடம் காட்டி, மீதியை முடிக்க வழி கேளுங்கள்.

எந்தக் கோர்ட்டில் தேடுவது?

வழக்கு எந்த உயர்நீதிமன்றத்தில் பதிவானதோ அங்கேதான் கோப்பு இருக்கும். திருமணம் நடந்த ஊரைப் பார்த்துத் தேடினால் ஏமாந்து போவீர்கள். வழக்குப் போட்டவர் அப்போது எங்கே குடியிருந்தார், வக்கீலின் அலுவலகம் எந்தப் பட்டணத்தில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் வழக்கு ஈப்போவில் இருக்கலாம், தைப்பிங்கிலும் இருக்கலாம். ஜொகூரில் வாழ்ந்தவர்களுக்கு ஜொகூர் பாரு உண்டு, மூவாரும் உண்டு. பகாங்கில் குவாந்தானும் தெமர்லோவும் உண்டு. சிலாங்கூர்க்காரர்களுக்கு ஷா ஆலாம். ஆனால் வக்கீல் கோலாலம்பூர்க்காரர் என்றால் முன்பு ஜாலான் டூத்தா என்று பெயர் பெற்றிருந்த சாலையில் உள்ள நீதிமன்ற வளாகத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய கடிதம் ஏதாவது அகப்பட்டால் அதில் வழக்கு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உயர்நீதிமன்ற வழக்கு எண்ணில் 33 என்று வந்தால் அது மணவிலக்கு மனு. கணவனும் மனைவியும் சேர்ந்து போட்ட கூட்டு மனு என்றால் 33ஐ ஒட்டி ஜே.பி. என்ற இரண்டு எழுத்து இருக்கும். அண்மைய ஆண்டுகளின் எண்களில் முன்னால் நிற்கும் எழுத்து மாநிலத்தைக் காட்டும்: ஏ என்றால் பேராக், பி என்றால் சிலாங்கூர், ஜே என்றால் ஜொகூர், டபிள்யூ என்றால் கோலாலம்பூர். கடைசியில் வருவது வழக்குப் பதிவான மாதமும் ஆண்டும்.

எண் இல்லாவிட்டால்?

பெயரைக் கொண்டு தேடச் சொல்லலாம். இங்கேதான் நம்மவர்களுக்குத் தனிச் சங்கடம். லெட்சுமி என்ற ஒரு பெயரை ரோமன் எழுத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். முனியாண்டியின் கடைசி எழுத்து ஒரு தாளில் ஒன்றாகவும் இன்னொரு தாளில் வேறாகவும் இருக்கும். எனவே நீங்கள் இன்று எழுதுகிறபடி கொடுத்துவிட்டு "இல்லை" என்ற பதிலோடு திரும்ப வேண்டாம். திருமணச் சான்றிதழில் உள்ள எழுத்துப்படி இருவர் பெயரையும், தகப்பனார் பெயரோடு எழுதிக்கொண்டு போங்கள்.

அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான். 12 இலக்க ஐ.சி. எண் 1990இல்தான் வந்தது. அதற்கு முந்திய வழக்குகளில் பழைய எண்ணே இருக்கும். உங்கள் பழைய எண் இப்போதைய மைகார்டின் பின்புறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய திருமணச் சான்றிதழில் கிடைக்கும்.

வழக்கு நடந்த ஆண்டு சரியாக நினைவில்லையா? பிள்ளை எந்த வகுப்பில் படித்தது, எந்தத் தோட்டத்தில் வேலை, எந்தத் தீபாவளிக்கு முன் என்று பின்னோக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்குள் அடக்கிச் சொன்னாலே தேடுகிறவருக்கு எளிது.

கௌண்டரில் கேட்பது எப்படி?

உயர்நீதிமன்றப் பதிவகத்துக்குப் போகும்போது மைகார்டும், திருமணச் சான்றிதழின் நகலும், கையில் இருக்கும் எந்தப் பழைய தாளும் எடுத்துச் செல்லுங்கள். துணைப் பதிவாளருக்கு ஒரு சிறு கடிதம் எழுதிக்கொள்வது நல்லது. உங்கள் பெயர், ஐ.சி. எண், வழக்கு எண் அல்லது ஆண்டு, எதிர்த்தரப்பின் பெயர், எந்தத் தாள் எத்தனை பிரதி வேண்டும், எதற்காக வேண்டும் என்று எழுதினால் போதும்.

கேட்கும்போது வெறும் நகல் கேட்காதீர்கள். முத்திரையிட்டு, மூலத்துக்கு ஒப்பானது என்று கோர்ட்டு உறுதி செய்த நகலைக் கேளுங்கள். மலாயில் அது சாலினான் டியாக்குயி சா. பிற இலாகாக்கள் ஏற்பது அதைத்தான். செல்லும் காரியம் ஒன்றுக்கு இரண்டு பிரதியாகக் கேட்டு வாங்குங்கள். கட்டணத்தைக் கௌண்டரிலேயே கட்டி ரசீது பெறுங்கள். வாசலில் நின்று "நான் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லும் இடைத்தரகரிடம் ஐ.சி.யையும் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

இப்போதைய கோப்புகள் கணினியில் இருப்பதால் வக்கீல்கள் தங்கள் அலுவலகத்திலிருந்தே தேடிப் பார்க்க முடியும். பழைய கோப்புகள் காகிதக் கட்டுகளாகக் கிடங்கில் இருக்கும். அவற்றை எடுத்துவர நாள் பிடிக்கும். ஒரு நாளில் ஆகவில்லையே என்று சோர்ந்து திரும்பிவிடாதீர்கள். மறுபடி எப்போது வரலாம் என்று கேட்டு, சொன்னவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வக்கீலையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர் எக்காலத்துக்கும் கோப்பை வைத்திருக்க மாட்டார். இருந்தாலும் வழக்கு எண்ணையாவது சொல்ல முடியலாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவை அணுகலாம். வழக்கறிஞர் மன்றம் நடத்தும் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன.

பதிவு இலாகாவை மறக்க வேண்டாம்

முடிவான தாள் கைக்கு வந்ததும் அதை ஜே.பி.என். என்னும் தேசியப் பதிவு இலாகாவுக்குக் கொண்டுபோய், உங்கள் மணவிலக்கு அவர்கள் ஏட்டில் ஏறிவிட்டதா என்று பார்த்துப் பதிந்துகொள்ளுங்கள். மணவிலக்குகளுக்கென்றே அவர்களிடம் பதிவேடு உண்டு. ஏட்டில் நீங்கள் இன்னும் மணமானவராக இருந்தால், மறுமணத்துக்கு மனுச் செய்யும்போது வேலை தடைப்படும்.

சேமநிதி இருக்கிறதே, அதில் பெயர் கொடுத்தவர்கள் கவனிக்க வேண்டும். மணவிலக்கு ஆனதால் பழைய கணவன் அல்லது மனைவியின் பெயர் அங்கே தானாக அழியாது. நீங்கள் போய் மாற்றினால்தான் மாறும். உழைத்துச் சேர்த்த பணம் பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைத் தள்ளிப் போடக்கூடாது.

பிள்ளைகளின் பராமரிப்பு, ஜீவனாம்சம் பற்றிய உத்தரவு இருந்தால் அதற்கும் உறுதி செய்த நகல் வேண்டும். பணம் கொடுக்காத தகப்பனின் சம்பளத்திலிருந்தே பிடித்துத் தரும்படி கேட்க 1968ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இடம் தருகிறது. கையில் உத்தரவு இல்லாத தாய் எதைக் காட்டிக் கேட்பாள்?

மற்றவர்களுக்குச் சில வார்த்தை

இஸ்லாமிய வாசகர்களின் மணவிலக்குப் பதிவு அந்தந்த மாநிலத்து ஷரியா நீதிமன்றத்திலும் மாநில இஸ்லாமிய சமய இலாகாவிலும் இருக்கும். உயர்நீதிமன்றத்தில் தேடிப் பயனில்லை.

சிங்கப்பூர் வாசகர்களே, உங்கள் ஊரில் 2014 அக்டோபர் 1 முதல் குடும்ப நீதிமன்றங்கள் தனி அமைப்பாக இயங்குகின்றன. இஸ்லாமியர் அல்லாதாரின் மணவிலக்குத் தாளுக்கு அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். அங்கும் முதலில் இடைக்காலத் தீர்ப்பு, பிறகே இறுதித் தீர்ப்பு. இறுதித் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் இல்லை.

மகளுக்கு வரன் பார்க்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை "எனக்கு முன்பே விலக்காகிவிட்டது" என்றால், முடிவான தாளைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையானவர் கோபிக்க மாட்டார். ஆனால் அந்த வழக்கில் யார் யாரைக் குறை சொன்னார்கள் என்று மனுவையும் வாக்குமூலத்தையும் தோண்ட நினைக்காதீர்கள். அவை இரு குடும்பத்தின் அந்தரங்கம். வெளியாருக்கு அவற்றைக் கோர்ட்டு எளிதில் திறந்து காட்டாது. நமக்குத் தெரிய வேண்டியது அந்த மணம் சட்டப்படி முடிந்ததா என்பது ஒன்றுதான்.

தமிழ்நாட்டிலோ வேறு நாட்டிலோ மறுமணம் செய்ய இருப்பவர்கள், கோர்ட்டு உறுதி செய்த நகலை வெளியுறவு அமைச்சிலும் அந்நாட்டுத் தூதரகத்திலும் சான்று பெற வேண்டியிருக்கும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே தூதரகத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, மணமுறிவு வெட்கப்பட வேண்டிய காரியம் என்று நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வெட்கத்தால்தான் தாள் கிழிகிறது, கோப்பு பாதியில் நிற்கிறது, கௌண்டருக்குப் போகக் கால் கூசுகிறது. அங்கே இருப்பவருக்கு நீங்கள் அன்றைய வரிசையில் ஓர் எண். அவர் உங்கள் கதையைக் கேட்கப் போவதில்லை. தலை நிமிர்ந்து கேளுங்கள். தாளை வாங்கி, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தோடு அதே உறையில் வையுங்கள். அது இருக்கும் இடத்தை, வளர்ந்த பிள்ளை ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.