ஒழுகுவது காற்று, மாற்றச் சொல்வது ஸ்பிரிங்கை

ஏர் ரைஃபிளில் வேகம் குறைந்தால் சிலிண்டருக்குள் நாலு சொட்டு எண்ணெய் விடு. அப்படியும் சரிவரவில்லையா, கனமான ஸ்பிரிங்காகப் போடு. ஆனைமலைப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு ஒருவர் எழுதியிருக்கும் வைத்தியம் இது. வேகம் இருந்தால்தான் மயில் தோப்புப் பக்கம் வராது என்று காரணமும் சொல்கிறார். முதலிரண்டும் துப்பாக்கியைக் கெடுக்கும். மூன்றாவது ஆளையே கெடுக்கும்.

பெல்லட்டைத் தள்ளுவது ஸ்பிரிங் அல்ல, காற்று. ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை நசுக்க, அந்தக் காற்றுதான் பெல்லட்டைக் குழலுக்குள் விரட்டுகிறது. பிஸ்டன் வாசர் தேய்ந்திருந்தால் அங்கே ஒழுகும். குழல் மடங்கும் மூட்டில் ஓரிங் நைந்திருந்தால் அங்கே ஒழுகும். பெல்லட் தொளதொளவென்று இருந்தால் அதைச் சுற்றியே போய்விடும். தண்ணீர் குறைந்தால் ஃபுட்வால்வைப் பார்க்காமல் பெரிய மோட்டார் வாங்கி இறக்குகிற விவசாயி நம் ஊரில் உண்டா? அந்தப் புத்திமதியைத்தான் இவர் எழுத்தில் தருகிறார்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியவில்லை. பிஸ்டன் சிலிண்டரின் முனையில் முட்டாமல் மெத்தைபோல் தாங்குவதும் அதே காற்றுதான். ஒழுகுகிற துப்பாக்கியில் மெத்தை ஏற்கெனவே மெலிந்திருக்கும். அதில் கனத்த ஸ்பிரிங்கைப் போட்டால் பிஸ்டன் இரும்பில் போய் அறையும். வாசர் நசுங்கும், ஸ்க்ரூக்கள் தளரும், குறி தவறும். பழைய ஸ்பிரிங் களைத்துப்போவதும் உண்டு. மடக்கிய நிலையிலேயே மணிக்கணக்கில் வைத்தால் அது தளரத்தான் செய்யும். அப்போதும் போட வேண்டியது அதே அளவு ஸ்பிரிங்.

எண்ணெய்க்கு வருவோம். தோல் வாசர் போட்ட பழைய துப்பாக்கிக்கு அளவாக எண்ணெய் தேவைதான். செயற்கை வாசருக்கு அது விஷம். நசுங்கும் காற்று கொதிக்கிற சூட்டுக்குப் போகும். டீசல் இன்ஜினில் நடப்பதுபோலவே எண்ணெய் ஆவி வெடிக்கும். குழல் வாயில் புகை வரும், சத்தம் கூடும், பெல்லட்டும் வேகமாகப் போகும். அதைத்தான் "சரியாகிவிட்டது" என்கிறார். கருகுவது வாசர், அடுத்த மாதம் வேகம் முன்னைவிடக் குறையும்.

சோதிக்க ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் போதும். மூட்டின் மேல் அதை வைத்து, பெல்லட் போட்டு, பின்னால் ஆள் நடமாட்டமில்லாத மண்மேட்டை நோக்கிச் சுடுங்கள். பேப்பர் துள்ளிப் பறந்தால் ஓரிங்கை மாற்றுங்கள். வேகத்தை அளக்கக் கருவி இல்லையென்றால் செல்போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். 10 மீட்டரில் மண்மேட்டின் முன் ஒரு தகர டப்பா. சுடுகிற இடத்தில் போன். வினாடிக்கு 170 மீட்டர் போகும் பெல்லட் என்றால் வெடிச் சத்தத்துக்கும் டப்பாச் சத்தத்துக்கும் இடைவெளி 0.09 வினாடி. 120 மீட்டர் என்றால் 0.11. இப்படி அளந்து பார்க்கச் சொல்லி ஒரு வரிகூட அவர் எழுதவில்லை.

170 மீட்டர் குறைச்சல் என்பாரோ? பெய்ஜிங்கில் 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் வென்றதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் அந்தப் போட்டியில் சுடுகிறார்கள். அரை கிராம் பெல்லட்டுக்கு அது சுமார் 7 ஜூல். 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலைத் தாண்டினால் ஏர் ரைஃபிளுக்கும் லைசென்ஸ் வேண்டும். அரை கிராம் பெல்லட் சுமார் 283 மீட்டர் வேகம் பிடித்தால் அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். ஸ்பிரிங்கைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்கிறவர் வாசகரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

மயில் விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. புலிகள் காப்பகத்தின் காலடியில் இருக்கும் ஊரில், மயிலை மனதில் வைத்து வேகம் கூட்டச் சொல்வது பழுது பார்ப்பதல்ல, குற்றத்துக்கு வழிகாட்டுவது. பயிர்ச் சேதம் உண்மை. அதற்கு வனத்துறையிடம் மனுக் கொடுங்கள். அவர் பேச்சைக் கேட்டு ஸ்பிரிங் வாங்கியவர்கள் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசரும் ஓரிங்கும் வாங்கி வாருங்கள்.