கொட்டினால் தீருமா கோபம்?

"கோபத்தை அடக்காதே, கொட்டிவிடு; நெஞ்சு இலேசாகும்." கற்றோரும் மற்றோரும் ஒருசேர ஓதும் அறிவுரை இது. கேட்க இனியது, ஆயினும் உண்மையன்று.

திறந்துவிட்டால் ஆவி வெளியேறித் தணிவதற்கு மனித உள்ளம் கொதிகலன் அன்று. கோபம் மூண்டதும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. கத்துவதும் மேசையைக் குத்துவதும் அந்த ஏற்றத்திற்கு விறகிடும் செயல்களே. அமெரிக்க உளவியலார் பிராட் புஷ்மன் 600 மாணவரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. சினமூட்டியவரை நினைத்தவாறு குத்துப்பையைக் குத்தியோரே மிகுந்த கோபத்தோடு எஞ்சினர்; வாளா இருந்தோர் அவர்களைவிடத் தணிந்திருந்தனர். கோபவெடிப்பை அடுத்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பின் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்று 2014இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. நலமுள்ளவருக்கு ஒருமுறைக் கோபத்தால் நேரும் ஆபத்து சிறிதே. நாள்தோறும் வெடிப்பவருக்கோ அது கூடிக்கொண்டே போகும். இதயநோய் உற்றிருந்த அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், 1793இல் இலண்டன் மருத்துவமனைக் கூட்டமொன்றில் மூண்ட வாக்குவாதத்தை அடுத்து உயிர் நீத்தார்.

அப்படியாயின் விழுங்கிவிடலாமா? இந்த இரண்டாம் அறிவுரை யாருக்கு வழங்கப்படுகிறது என்று பாருங்கள். மருமகளுக்கு, கடைநிலை ஊழியருக்கு, கூலிக்குக் காத்து நிற்பவருக்கு. வெடிப்பது வலியவரின் உரிமை, விழுங்குவது எளியவரின் கடமை என்று வகுத்துவிட்டு, அதற்குப் பொறுமை என்று பெயரும் சூட்டிவிட்டோம்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தாரிடம் எர்னஸ்ட் ஹார்பர்க் குழுவினர் ஒரு வினா எழுப்பினர்: காரணமின்றி மேலாளர் சீறினால் என்ன செய்வீர்? 1979இல் வெளியான அவ்வாய்வின்படி, பகையை உள்ளே புதைப்போரையும் வெளியே கொட்டுவோரையும்விட, சினம் ஆறியபின் அவரிடமே நியாயத்தை எடுத்துரைப்போம் என்றவர்களின் இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தது.

ஆக, ஆறவிட்டுப் பேசுவதே வழி. ஆனால் பேச வாய் மட்டும் போதாது. கேட்கச் செவியும் வேண்டும். ஆறிய குரலில் முறையிட்டவளை அகங்காரி என்றும், ஊழியனைக் கலகக்காரன் என்றும் இகழும் இல்லமும் அலுவலகமும் நெஞ்சுநலம் பற்றிப் போதிக்கத் தகுதியற்றவை. எளியவருக்கு மருந்துச்சீட்டு எழுதுமுன் வலியவர் தம் செவியைத் திறக்கட்டும். கோபத்தின் நோய்க்கு மருத்துவம் அங்கிருந்தே தொடங்குகிறது.