இரட்டையருக்குள் ரேங்க் எதற்கு?

போன வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். எனக்கு முன் பெஞ்சில் ஒரு அம்மா, இரண்டு ரேங்க் கார்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து வரி வரியாக விரல் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்பு இரட்டைப் பையன்கள். "ரெண்டு பேரும் ஒரே வயித்துல இருந்துதானடா வந்தீங்க?" என்றார். மார்க் குறைந்தவன் தலை குனியவில்லை, அண்ணனை முறைத்தான். ஐந்து நிமிஷம் மூத்த அண்ணன்!

அந்த முறைப்பு நாம் கொடுத்தது. நானும் என் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன், ஒளிப்பானேன்.

டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்து பத்து வயதைத் தாண்டிய இரட்டையர், ஏறக்குறைய 2,900 ஜோடி. அவர்கள் ஆயுளை ஆராய்ந்து அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2016இல் எழுதினார்கள். மற்ற ஆண்களில் நூற்றுக்கு 84 பேர் 45 வயதைக் கண்டார்கள் என்றால், இரட்டையரில் 90 பேர். பெண்களிடம் அறுபதைத் தாண்டிய வயதில் இந்த இடைவெளி பத்து வரை போனது. அக்கறையோடு கவனிக்க ஓர் ஆள் கூடவே இருப்பதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். சிகரெட்டைப் பிடுங்கி எறியவும், "டாக்டரைப் பாத்தியா?" என்று நச்சரிக்கவும் ஓர் ஆள். அந்த ஆளைத்தான் நாம் எதிரியாக்கிக்கொண்டிருக்கிறோம். ஒன்றாகச் சைக்கிளில் போக வேண்டியவர்களைத் தனித்தனி டியூஷன் வேனில் ஏற்றுகிறோம். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு சிப்ஸ் பாக்கெட்.

"எங்க தாத்தா தொண்ணூறு வரைக்கும் இருந்தார், எங்க ரத்தம் அப்படி" என்பீர்கள். டென்மார்க் இரட்டையரை வைத்தே 1996இல் கணக்குப் போட்டார்கள். ஆயுள் வித்தியாசத்தில் பரம்பரைக்குக் கால்வாசிப் பங்குதான் தேறியது. மிச்சம் அவரவர் வாழ்க்கைச் சூழலைச் சேர்ந்தது.

ஜப்பானில் நகோயாவின் இரட்டைப் பாட்டிகளைச் சிலருக்கு நினைவிருக்கலாம். 1892இல் பிறந்தவர்கள். பெயர்களுக்குத் தங்கம், வெள்ளி என்று பொருள். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கின்’! நூறு வயதில் சேர்ந்து விளம்பரத்தில் நடித்தார்கள். தங்கம் 107 வயதில் போனார், வெள்ளி மறு வருஷம் 108இல்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு ரேங்க் கார்டையும் வாங்குங்கள். பக்கம் பக்கமாக மட்டும் வைக்காதீர்கள்.